ஒற்றர் நாடகங்களும் மனச்சான்றும்

நமது அருளுரைகளில் நடமாடும் மனிதர் ஒரு வகையினர். நமது சபையார் இரவு வேளையில் விரும்பிக் காணும் மனிதர் வேறு வகையினர். அருளுரையில் வருவோர் பெரும்பாலும் நல்லவர், அல்லது தீயவராயிருந்து மனந்திரும்பியவர். தொலைக்காட்சித் தொடர்களிலும் கைப்பேசித் திரையிலும் இன்று வருவோரோ, நல்லவர் என்று ஏற்கவும் தீயவர் என்று தள்ளவும் இயலாத மாந்தர். இவர்களுள் ஒற்றர்களுக்குத் தனியிடம் வாய்த்துள்ளது. பொய்யையே தொழிலாகக் கொண்ட ஒருவன் அப்பொய்யினால் பலர் உயிரைக் காக்கிறான். காக்கும்போதே தன் வீட்டாரை ஏய்க்கிறான். இத்தகையோனை மக்கள் நேசிப்பது ஏன்? காலம் கெட்டுவிட்டது, ஒழுக்க உணர்வு மழுங்கிவிட்டது என்று விடை கூறுவது எளிது. ஆயர் கூட்டங்களில் இவ்விடையைப் பன்முறை கேட்டிருக்கிறோம். அது போதிய விடையன்று என்பது நமது கருத்து. ஒழுக்க உணர்வு மழுங்கியவனுக்கு ஒற்றர் நாடகம் சுவைக்காது. அவனுக்குத் துப்பாக்கிச் சண்டையே போதும்.

ஒற்றன் தமிழுக்குப் புதியவனல்லன். திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல் பற்றியது. துறவியின் கோலம் பூண்டும் உளவறியலாம் என்றும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றும் வள்ளுவர் அரசனுக்கு அறிவுரை கூறுகிறார். ஆனால் துறவிக் கோலத்தில் நாட்கணக்காகத் திரிந்தவன் வீடு திரும்பியபின் அவன் உள்ளம் எந்நிலையில் இருந்தது என்ற வினா அவ்வதிகாரத்தில் எழவில்லை. அது ஆள்வோனை நோக்கிக் கூறப்பட்டது. அவ்வுள்ளத்தைத் திறந்து காட்டுவதே இக்கால ஒற்றர் நாடகம் மேற்கொண்ட பணி. நமது திரைப்படங்கள் நெடுங்காலம் அப்பணியில் நாட்டம் கொள்ளவில்லை. 1968இல் வெளிவந்த 'ரகசிய போலீஸ் 115', 1970இல் வெளிவந்த 'சி.ஐ.டி. சங்கர்' முதலியவற்றில் நாயகன் எத்தனை வேடம் புனைந்தாலும் எந்த வேடமும் அவன்மேல் கறையாக ஒட்டுவதில்லை. சட்டையைக் கழற்றுவதுபோல் பொய்யைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டுப் பாடப் போய்விடுகிறான்.

இவற்றுக்கு முன்னரே ஒரு விதிவிலக்குத் தோன்றியிருந்தது. 1954இல் ஏவி.எம். நிறுவனத்தார் தயாரிக்க, வீணை மேதை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' அது. பாடலே இல்லாத தமிழ்ப் படம் என்பதற்காக அதனைப் பலரும் நினைவுகூர்வர். நமக்கோ அதன் அறச்சிக்கலே முதன்மையாகத் தோன்றுகிறது. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது வரலாறு. அதற்கு மறுநாள் காலையில் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். அவன் ஜப்பானியருக்கு இரகசியங்களை விற்றவன். அண்டை வீட்டார், உடன்பிறந்தான், அவன் மனைவி, ராஜனுடைய காதற்கிழத்தி, மனைவி உஷா என ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைச் சொல்லச் சொல்ல, ஒரே மனிதன் பல மனிதர்களாகப் பிரிகிறான். அக்காலத்து முன்னணி நடிகராக உயர்ந்துகொண்டிருந்த சிவாஜி கணேசன், தேசத் துரோகி ஒருவனின் பாத்திரத்தை ஏற்றது சிறிய துணிவன்று.

ராஜன் அறிவாளி; தன் திறமைக்குத் தாய்நாட்டில் மதிப்பில்லை என்று புழுங்குகிறவன். அப்புழுக்கம் பொய்யானதன்று. அதனைப் படம் மறைப்பதுமில்லை, அவனை அதனால் விடுவிப்பதுமில்லை. இறுதியில் நாட்டுப்பற்று மிக்க உஷா தன் கணவன் யார் என்பதை அறிந்து, அவனைத் திருப்ப முயன்று தோற்கிறாள். அவள் கைத்துப்பாக்கியாலேயே அவன் உயிர் பிரிகிறது. பண்டரிபாய் ஏற்ற அப்பாத்திரத்தை நாம் பெரிதும் போற்றுகிறோம். படத்தின் பாரம் ஒற்றன்மேல் மட்டும் விழாமல், அவனை நேசித்தவள்மேலும் விழுகிறது. நேசிப்பதா, நியாயந்தீர்ப்பதா என்ற கேள்வியைப் பார்ப்போனும் அவளோடு சேர்ந்து சுமக்க வேண்டியதாகிறது.

இவ்வளவும் முன்னுரை. இன்று நமது இளைஞர் பேசுவது 'தி ஃபேமிலி மேன்' என்னும் இந்தித் தொடரைப் பற்றியே. ராஜ், டீகே என்னும் இரட்டையர் உருவாக்கிய இத்தொடர் அமேசான் பிரைம் தளத்தில் 2019 செப்டம்பரில் முதற்பகுதியாகவும், 2021 ஜூனில் இரண்டாம் பகுதியாகவும் வெளிவந்தது. மனோஜ் பாஜ்பாய் நடிக்கும் ஸ்ரீகாந்த் திவாரி நடுத்தர வகுப்பினன்; வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், மனைவியோடு மனத்தாங்கல் எல்லாம் உடையவன். அரசின் இரகசியப் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவில் பணியாற்றுகிறான். வீட்டாருக்குச் சொல்வது வேறு, செய்வது வேறு. இரண்டாம் பகுதி பெரிதும் தமிழகத்தில் நிகழ்வதால் உரையாடலிற் பெரும்பங்கு தமிழிலேயே அமைந்தது. நம் பக்கத்தில் அத்தொடர் பரவியதற்கு அது ஒரு காரணம்.

மற்றொரு காரணத்தைத் திருப்பூரில் ஊழியம் செய்வோர் எளிதில் உணரலாம். பனியன் கம்பெனிகளில் வெளிநாட்டுக் கொள்முதல்காரரின் தணிக்கையாளர் வரும் நாள் எப்படிப்பட்டது என்பதை நமது சபையார் பலரும் அறிவர். எல்லாக் கம்பெனிகளையும் நாம் ஒன்றாகச் சொல்லவில்லை. நேர்மையாக நடப்போர் உண்டு. ஆயினும் வேலை நேரத்துக்கு இரு பதிவேடுகள் இருப்பதும், அந்நாளில் மட்டும் முகக்கவசமும் முதலுதவிப் பெட்டியும் தோன்றுவதும், கேள்விகளுக்கு இன்ன விடை கூறவேண்டும் என்று தொழிலாளருக்கு முன்கூட்டியே கற்பிக்கப்படுவதும் இத்தொழிலில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவனவே. கற்பிக்கிறவர் யார்? பெரும்பாலும் மேற்பார்வையாளர். அவர் ஞாயிறன்று நமது ஆலயத்தில் திருமறைப் பாடம் வாசிக்கிறவராகவும் இருக்கலாம். உண்மையைச் சொன்னால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் பல குடும்பங்கள் பட்டினி. இவ்வாறு கூறுகிறவரை நாம் எளிதில் மறுத்துவிட முடியாது. இவர் இரவில் ஸ்ரீகாந்த் திவாரியைக் காணும்போது, எங்கோ மும்பையில் வாழும் ஒற்றனையா காண்கிறார்? தமது நிலையைத் தமக்குச் சொல்லிக் காட்டும் ஒருவனைக் காண்கிறார். பகற்பொழுதை ஒரு முகத்தோடும், மாலையை வேறொரு முகத்தோடும் கழிப்போருக்கு ஒற்றன் உறவினன்.

ஆதலின் இக்கவர்ச்சியைப் பாவ அறிக்கையின் அருகில் வைத்தே நாம் புரிந்துகொள்ள வேண்டும். நமது ஆராதனையில் சபையாக அறிக்கையிடுகிறோம், அது நன்று. ஆனால் அவ்வறிக்கையில் யாருடைய பதிவேடும் திறக்கப்படுவதில்லை. லூத்தர் தனி அறிக்கைக்குத் தம் சிறு ஞானோபதேசத்தில் இடம் வைத்திருந்தும், நம்மில் பெரும்பாலான சபைகளில் அது வழக்கொழிந்தது. தன் இரு முகங்களையும் ஒருவர் முன் ஒருங்கே காட்ட வேண்டும் என்ற ஏக்கம் மனிதனை விட்டு நீங்காது. ஒற்றர் தொடரில் பார்ப்போன் ஒருவனே அந்த மனிதனின் இரு முகங்களையும் காண்கிறான். மனைவி அறியாததை, அதிகாரி அறியாததை நாம் அறிவோம். அறிந்தும் அவனை வெறுப்பதில்லை. தன்னையும் யாரேனும் அவ்வாறு அறிந்து வெறுக்காதிருக்கக் கூடுமோ என்ற வினா பார்ப்போன் உள்ளத்தில் எழுகிறது. இது சமய வினா. இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது ஆயருக்கு அழகன்று.

திருச்சபை இவ்வினாவை முன்னரே சந்தித்துள்ளது. ஏறத்தாழ கி.பி. 420இல் அகுஸ்தீன் எழுதிய 'பொய்க்கு எதிராக' என்னும் நூல் ஓர் ஒற்றாடலைப் பற்றியதே என்பதை மாணவர் பலர் கவனிப்பதில்லை. ஸ்பெயின் நாட்டில் தம்மை மறைத்து வாழ்ந்த பிரிசில்லியன் கூட்டத்தாரைக் கண்டுபிடிக்க, அவர்களைச் சேர்ந்தவர்போல் நடித்து உள்ளே புகலாமா என்று கொன்செந்தியு என்பார் கேட்டார். கூடாது என்றார் அகுஸ்தீன். தம் கொள்கையை மறைக்கப் பொய் சொல்லலாம் என்போரைப் பொய்யைக் கொண்டே வெல்வது எவ்வாறு என்பது அவர் வாதம். அங்கேதான் ராகாபின் கதையும் வருகிறது. வேவுகாரருக்கு அவள் காட்டிய இரக்கத்தைக் கடவுள் மதித்தார், அவள் பொய்யை மதிக்கவில்லை என்று அவர் பிரித்துரைக்கிறார். யோசுவா 2ஆம் அதிகாரத்தை வாசிப்போருக்கு அப்பிரிவினை சற்றுக் கடினமாகவே தோன்றும். கூரையின்மேல் சணல்தட்டைகளுக்குள் ஒளித்துவைத்த கையும், அரசனின் ஆட்களுக்கு விடை சொன்ன நாவும் ஒரே பெண்ணுடையவை அல்லவா?

அப்சலோமின் அவையில் தாவீதின் நண்பனாகிய ஊசாய் செய்ததோ முழு ஒற்றாடல் (2 சாமுவேல் 15 முதல் 17). அவனை அனுப்பியவன் தாவீதே. ஊசாயின் ஆலோசனை ஏற்கப்பட்டதனால் அகித்தோப்பேல் நான்றுகொண்டு செத்தான், அப்சலோம் அழிந்தான். வேதாசிரியர் ஊசாயைப் புகழவுமில்லை, கண்டிக்கவுமில்லை.

நமது நூற்றாண்டுக்கு அண்மையில் இவ்வினாவைத் தம் உயிரால் எழுதியவர் டீட்ரிச் போன்ஹோபர். அவர் 1940 முதல் ஜெர்மானிய இராணுவ உளவுத்துறையில் பெயரளவில் அலுவலராக இருந்துகொண்டு, அத்துறைக்குள்ளேயே இயங்கிய எதிர்ப்பணியினருக்கு உதவினார். 1943 ஏப்ரலில் கைதாகி, 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்புர்க்கில் தூக்கிலிடப்பட்டார். உண்மை பேசுவது எது என்பதைப் பற்றிச் சிறையில் எழுதி முடிக்காது விட்ட கட்டுரையில் அவர் ஒரு சிறுவனை எடுத்துக்காட்டுகிறார். உன் தந்தை குடித்துவிட்டு வருகிறாரா என்று வகுப்பில் ஆசிரியர் எல்லார் முன்னிலும் கேட்கிறார். சிறுவன் இல்லை என்கிறான். அப்பொய்யில், கேட்கத் தகாததைக் கேட்ட ஆசிரியரின் குற்றமே பெரிது என்று போன்ஹோபர் காண்கிறார். இதனைக் கொண்டு பொய்க்கு அவர் உரிமச்சீட்டு வழங்கினார் என்று நினைப்பது தவறு. பொறுப்பேற்றுச் செயல்படுவோன் குற்றத்தையும் தன்மேல் ஏற்கிறான், தன்னைத்தான் நீதிமானாக்கிக் கொள்வதில்லை என்பது அவருடைய 'அறவியல்' நூலின் கருத்து.

ஒற்றர் பாத்திரங்களை மதிப்பிட இதுவே தக்க உரைகல் என்று நினைக்கிறோம். சிக்கல் மிகுந்த பாத்திரம் என்பது பல பக்கங்கள் உடைய பாத்திரம் மட்டுமன்று. தன் செயலுக்கு விடை கூற வேண்டியவனாக நிறுத்தப்பட்ட பாத்திரம். 'அந்த நாள்' ராஜன் அவ்வாறு நிறுத்தப்பட்டான். ஸ்ரீகாந்த் பாதி நிறுத்தப்படுகிறான். முதற்பகுதியில் கரீம் என்ற கல்லூரி மாணவனைப் பயங்கரவாதி என்று தவறாக எண்ணி அவன் பிரிவினர் கொன்றுவிடுகின்றனர்; உண்மை வெளிவருவதில்லை. ஸ்ரீகாந்த் வருந்துகிறான், அது நமக்குக் காட்டப்படுகிறது. ஆனால் அடுத்த நகைச்சுவைக் காட்சி வந்ததும் நாமும் அவனும் சிரித்துவிடுகிறோம். வருத்தம் விடையாகிவிடாது. இறந்த மாணவனின் பெயர் இன்னும் களங்கப்பட்டே இருக்கிறது என்பதைத் தொடரும் மறந்துவிடுகிறது, பார்ப்போரும் மறந்துவிடுகிறோம். பதிவேட்டை மூடிவைத்துவிட்டுப் பெருமூச்சு விடும் மேற்பார்வையாளருக்கு இது மிக வசதியான அருளுரை.

இரண்டாம் பகுதியில் வரும் ராஜியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சமந்தா நடித்த இப்பாத்திரம் ஈழத்துப் போராளி. சென்னையில் துணி ஆலைத் தொழிலாளியாக மறைந்து வாழ்கிறவள். 2021 மே மாதம் முன்னோட்டக் காட்சிகள் வெளியானபோதே எதிர்ப்பு எழுந்தது. ஈழத் தமிழரை இழிவுபடுத்துவதால் தடைசெய்ய வேண்டும் என்று தமிழக அரசின் சார்பில் அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். நடிகையின் முகத்துக்குக் கருமை பூசியதும் கண்டிக்கப்பட்டது. தொடர் வெளிவந்தபின், ராஜி இழிவாகக் காட்டப்படவில்லை, பெருந்துயரம் உடையவளாகவே காட்டப்பட்டாள் என்று பலர் சமாதானம் கூறினர். நமது குறை அந்தச் சமாதானத்திலேயே தொடங்குகிறது.

ஆலைக் காட்சிகளை எண்ணிப் பாருங்கள். மேற்பார்வையாளன் அவளைத் தொடர்ந்து தொல்லைப்படுத்துகிறான். பேருந்தில் ஒருவன் உரசுகிறான். வேடம் கலையக்கூடாதென்று அவள் பொறுக்கிறாள். பின்பு பொறாமற் கொல்கிறாள். நமது வட்டாரத்து நூற்பாலை விடுதிகளில் வாழும் இளம்பெண்களுக்கு இக்காட்சிகள் கதையல்ல. திண்டுக்கல் முதல் கோவை வரை சுமங்கலித் திட்டம் என்ற பெயரால், மூன்றாண்டு வேலைக்குப்பின் திருமணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி அழைத்துவரப்பட்ட பெண்களின் துயரத்தை ஆய்வாளரும் நீதிமன்றங்களும் பேசியுள்ளனர். இப்பெண்களுள் சிலர் கைப்பேசியில் ராஜியைக் கண்டு, குண்டு வைக்கும் சதியை விட்டுவிட்டு, மேற்பார்வையாளன் வீழ்ந்த காட்சியைப் பற்றியே தம்முள் பேசிக்கொண்டதை நாம் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அவர்களுக்காக ஒருத்தி எழுந்தாள் என்று கண்டார்கள்.

ஆனால் தொடர் அவளுக்கு என்ன தந்தது? ஸ்ரீகாந்துக்கு மனைவி உண்டு, மக்கள் உண்டு, கேலி பேச நண்பன் உண்டு, தவறு செய்ய உரிமையும் திருந்த நேரமும் உண்டு. ராஜிக்குக் காயம் ஒன்றே உண்டு. போரில் படையினர் அவளுக்குச் செய்த கொடுமை காரணமாகக் கூறப்படுகிறது. அதிலிருந்து அவள் செய்யும் யாவும் விளைகின்றன. இறுதியில் விமானத்தோடு வீழ்த்தப்படுகிறாள். அரசின் ஒற்றனுக்குச் சிக்கல் என்றால் சுதந்தரம். தமிழ்ப் பெண்ணுக்குச் சிக்கல் என்றால் விதி. அவள் ஒருநாளேனும் தயங்கினாளா, தன் தலைவர்களை ஐயுற்றாளா, வேறு வழி உண்டா என்று தன்னையே கேட்டாளா? சமந்தாவின் முகம் சில இடங்களில் இக்கேள்விகளைக் கேட்கிறது, எழுதியவர்கள் கேட்கவில்லை. இரக்கம் காட்டுவதாக எண்ணி அவளிடமிருந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். பொறுப்பில்லாதவளுக்கு மனந்திரும்புதலும் இல்லை. காயமுற்றவர் இப்படித்தான் ஆவார் என்ற போதனை, நூற்பாலையில் காயமுற்ற ஒரு பெண்ணுக்கு நற்செய்தியாகுமா?

ராகாபை மறுபடியும் நினைத்துக்கொள்ளலாம். அவள் ஏன் வேசியானாள், யார் அவளுக்கு என்ன தீங்கு இழைத்தார் என்று யோசுவாவின் நூல் ஒரு சொல்லும் கூறவில்லை. பேசுவதற்கு அவளுக்கு வாய் கொடுக்கிறது. அவள் கடவுளைப் பற்றித் தான் அறிந்ததைச் சொல்கிறாள், உடன்படிக்கை பேசுகிறாள், தகப்பன் தாயின் உயிருக்கு வாக்குக் கேட்கிறாள். யாக்கோபின் நிருபமும் எபிரெயருக்கு எழுதிய நிருபமும் அவளை நினைவுகூரும்போது அவளுடைய செயலையும் விசுவாசத்தையும் கூறுகின்றன. மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு கதை தன் புறவினப் பெண்ணுக்குத் தந்த இடத்தைப் பெருஞ்செலவில் எடுத்த ஒரு தொடர் தர இயலவில்லை.

அயல்நாட்டுத் தொடர் ஒன்றையும் இங்கே சுட்டலாம். ஆயருக்கு அதில் தனி வேலை உண்டு. 2013 முதல் 2018 வரை ஆறு பகுதிகளாக வந்த 'தி அமெரிக்கன்ஸ்' தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க், அமெரிக்க உளவு நிறுவனத்தில் பணியாற்றியவர். 1980களில் வாஷிங்டன் நகருக்கு அருகே அமெரிக்கக் குடும்பமாக நடித்து வாழும் சோவியத் ஒற்றர் இருவரின் கதை. அவர்கள் மகள் பேய்ஜ் ஒரு சபையில் சேர்ந்து திருமுழுக்குப் பெறுகிறாள். பெற்றோர் யார் என்பதை அறிந்தபின் பொறுக்கமாட்டாமல் தன் போதகர் டிம் என்பாரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுகிறாள். அன்றுமுதல் போதகரும் ஒற்றாடலுக்குள் அகப்பட்டவராகிறார். அவர் தம் மனைவியிடம் சொல்கிறார், அச்சம் இரட்டிப்பாகிறது. தம் நாட்குறிப்பில் அப்பெண்ணைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறார். அதையும் அவள் படமெடுத்துப் பெற்றோரிடம் தருகிறாள். பல ஆண்டுகளுக்குப்பின் புலனாய்வு அதிகாரி நேராகவே கேட்கும்போது, தாம் அறிந்ததை அவர் மறைத்துவிடுகிறார்.

அவர் செய்தது சரியா? இரகசியம் காத்தல் ஆயரின் கடமை. ஆனால் அந்த ஒற்றர்கள் கொலைகள் செய்தவர்கள். கேட்டதைக் காத்துக்கொள்வதற்கும் கேட்டதனால் உடன்குற்றவாளி ஆவதற்கும் இடையே எவ்வளவு தூரம்? மேற்பார்வையாளர் ஒருவர் நம்மிடம் வந்து இரு பதிவேடுகளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று கொள்வோம். அடுத்த வாரம் அதே கம்பெனியில் தொழிலாளி ஒருத்தி மயங்கி விழுகிறாள். அப்போது நமது நிலை டிம் போதகரின் நிலைதான். இத்தொடர் அவரை வீரராக்கவுமில்லை, கோமாளியாக்கவுமில்லை. போதகரை இவ்வளவு கருத்தாக நடத்திய தொலைக்காட்சித் தொடரைத் தமிழில் நாம் இன்னும் காணவில்லை. நமது படங்களில் பாதிரியார் பெரும்பாலும் தாலி எடுத்துக் கொடுக்கவோ கல்லறையருகே நிற்கவோ மட்டும் வருகிறார்.

ஒற்றர் கதைகளின் தீங்கு ஒன்றையும் சொல்லாது விடலாகாது. அண்டை வீட்டான் வேடதாரியோ என்று ஐயுற அவை பழக்குகின்றன. திருப்பூர் அயலூராரின் உழைப்பால் நிற்கும் நகரம். 2023 மார்ச்சில் வடநாட்டுத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொலிகள் பரவி, பீகார் அரசின் குழு இங்கு வந்து விசாரித்துச் செல்லும் நிலை ஏற்பட்டது. அச்சத்தால் ஊர் திரும்பியோர் பலர். ஒற்றர் தொடர்கள் அதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. ஐயத்தைச் சுவையாக்கும் எக்கலையும் இத்தகைய நகரில் கவனத்தோடு கையாளப்பட வேண்டும் என்கிறோம். 'அந்த நாள்' இவ்வகையிலும் மேலானது. அதில் ஒற்றன் அயலான் அல்லன், வீட்டுத் தலைவன்.

இறையியல் கல்லூரிகளில் அறவியல் வகுப்பு நடத்துவோர் 'அந்த நாள்' படத்தையும் 'ஃபேமிலி மேன்' இரண்டாம் பகுதியின் ஆலைக் காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து மாணவரோடு காணலாம். முதலில் உஷாவுக்குக் கிடைத்த கேள்வியையும், பின்பு ராஜிக்குக் கிடைக்காத கேள்வியையும் அவர்கள் எழுதட்டும். சபைகளில் இது மாணவரோடு நின்றுவிட வேண்டியதில்லை. மாலை ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் கூட்டத்தில், அலுவலர் எவரும் இல்லாத வேளையில் நடத்தினால், அவர்கள் ராஜிக்கு வேறு எவ்விதமான முடிவு எழுதுகிறார்கள் என்று கேட்டறிய வாய்ப்பு உண்டாகும்.